மடி போதுமா? காரில் நம் குழந்தைகள் பயணம் செய்த கதை



பரிசளிப்பு விழா முடிந்தால் அடுத்து வருவது விடுமுறை. கோப்பையும் நற்சான்றிதழும் வீட்டு அலமாரியில் ஏறுவதற்கு முன்பே, "எப்போப்பா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் இருந்து புறப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே மோரிப் கடற்கரை இருக்கிறது. சற்றுத் தள்ளிப் போர்ட்டிக்சன். இன்னும் தூரம் போக மனமிருந்தால் கேமரன் மலை, பினாங்கு, தாத்தா பாட்டி இருக்கும் ஊர். பயணம் என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை!

இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதுங்கள் என்று கேட்டபோது, மன்னர்களைப் பற்றியும் போர்களைப் பற்றியும் மற்றவர்கள் எழுதட்டும், நம் வீட்டுக் குழந்தைகள் வண்டியில் எப்படிப் பயணம் செய்தார்கள் என்ற சின்ன வரலாற்றை எழுதலாமே என்று தோன்றியது. சின்ன வரலாறுதான். ஆனால் அதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது.

தோட்டத்துக் காலம்

நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்கள். அந்தக் காலத்துக் குழந்தைக்கு முதல் இருக்கை எது? அம்மாவின் பழைய சேலையில் கட்டிய ஏணைதான். விடியற்காலை அம்மா பால் வெட்டப் போகும்போது குழந்தை ஆயாக்கொட்டகைக்குப் போகும். அங்கேயும் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். விழாமல் இருக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்ற இரண்டு நோக்கத்தையும் அந்தச் சேலை நிறைவேற்றியது. குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பயணம் என்றால் தோட்டத்து லாரிதான். திருவிழாவுக்கும் பட்டணத்துக்கும் லாரியின் பின்னால் நின்றுகொண்டே போவார்கள். பிறகு சைக்கிள் வந்தது. அப்பா மிதிக்க, முன் கம்பியில் துண்டை மடித்துப் போட்டு மகனை உட்கார வைப்பார். அதன் பிறகு மோட்டார் சைக்கிள். பெட்ரோல் தொட்டியின் மேல் ஒருவன், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒருத்தி, அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை என ஒரு மோட்டாரில் ஒரு குடும்பமே போகும். "நாங்க எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம், ஒண்ணும் ஆகலையே!" என்று பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. ஒன்றும் ஆகாதவர்கள்தானே இன்று உட்கார்ந்து கதை சொல்ல முடியும்? ஆனவர்களுடைய கதையை யார் சொல்வது?

கார் வந்தது

1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் புரோட்டோன் சாகா அறிமுகமானது. 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதுவரை கிராணிக்கும் துரைக்கும் உரியதாக இருந்த கார், மெல்ல மெல்ல சாதாரணக் குடும்பத்தின் வாசலுக்கும் வந்தது. அதே 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முழுமை பெற்றது. ஒரு நாள் முழுதும் எடுத்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. நம் பகுதியிலும் பழைய கிள்ளான் பந்திங் சாலை ஒரு பக்கம், தென் கிள்ளான் பள்ளத்தாக்கு விரைவுச்சாலை மறுபக்கம் என்று வழிகள் பெருகின. தொழிற்பேட்டை லாரிகளும், துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றிச் செல்லும் நீண்ட வண்டிகளும் நம்மோடு அதே சாலையில் ஓடுகின்றன.

சாலை மாறியது, வேகம் மாறியது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. சைக்கிளிலும் மோட்டாரிலும் அம்மாவின் மடியில் இருந்த குழந்தை, காரிலும் அம்மாவின் மடியிலேயே இருந்தது. நடந்து போகிற வேகத்துக்கு ஏற்ற மடியை நூறு கிலோமீட்டர் வேகத்திலும் நம்பினோம்.

என் தாயார் சொன்ன சொல்

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாள். போர்ட்டிக்சனில் குளித்துவிட்டுக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவன் நான். பக்கத்தில் என் தாயார். அவர் மடியில் என் தங்கையின் மகள், இரண்டு வயது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருந்து ஒரு மாடு திடீரென்று சாலைக்குள் வந்தது. பிரேக்கை மிதித்தேன். மாட்டின் மேல் மோதவில்லை. எதன் மேலும் மோதவில்லை. கார் நின்றது, அவ்வளவுதான். ஆனால் குழந்தை என் தாயாரின் கையில் இல்லை. முன்பலகையில் அடிபட்டுக் கீழே கிடந்தாள். நெற்றியில் ஆறு தையல்.

அவள் இன்று நன்றாக இருக்கிறாள். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. ஆனால் என் தாயார் கண்ணை மூடும் வரை, "என் கை விட்டிடுச்சே... பிள்ளையைப் பிடிக்கத் தெரியாதவளாப் போயிட்டேனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை அது. அந்தக் கையின் மேல் குற்றமில்லை என்று அவருக்கு விளக்கிச் சொல்ல அன்றைக்கு எனக்கும் தெரியவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

பெரிய வகுப்பு மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அந்த வேகத்தில் போகும் கார் ஒரு சுவரில் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். கார் நிற்கும், உள்ளே இருப்பவர் உடனே நிற்க மாட்டார். அவரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எடையைப் போல ஏறத்தாழ 14 மடங்கு விசை வேண்டும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோவாக இழுக்கும். கடையில் விற்கும் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் பதினான்கை ஒரே நேரத்தில் இரண்டு கைகளால் தாங்க எந்தத் தாயால் முடியும்? பயில்வானாலும் முடியாது.

இன்னொரு விதமாகவும் கணக்குப் பார்க்கலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கடைவீட்டின் உச்சியில் குழந்தையை நிற்க வைப்போமா? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது அல்லவா? நாங்கள் சென்றது அதைவிடக் குறைந்த வேகம், நின்றதும் பிரேக்கினால்தான். அதற்கே ஆறு தையல்.

பெரியவர் மட்டும் பெல்ட் போட்டு, மடியில் குழந்தையை வைப்பதும் தீர்வு அல்ல. குழந்தை கையிலிருந்து பறந்துவிடும். ஒரே பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துப் பூட்டினாலோ இன்னும் மோசம். பெரியவருடைய எடை முழுவதும் குழந்தையின் மேல் விழுந்து நசுக்கிவிடும்.

உலகம் எப்படிக் கற்றது?

மேல்நாட்டில் 1930களிலேயே காருக்குள் குழந்தை இருக்கை விற்றார்கள். ஆனால் அது பாதுகாப்புக்காக அல்ல. குழந்தை அங்குமிங்கும் ஓடாமல் இருக்கவும், சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கவும்தான். மோதினால் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் பிறகுதான் வந்தது.

1959இல் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை உருவாக்கினார். இன்று நம் கார்களில் இருப்பது அதுதான். ஆனால் அது பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்தது. குழந்தைக்கு என்ன செய்வது?

அதே நாட்டைச் சேர்ந்த மருத்துவப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் இதைப் பற்றி யோசித்தார். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து படுத்தபடி போவதைக் கவனித்தார். பெரும் விசை வரும்போது முதுகு முழுதும் அதைப் பங்கிட்டுத் தாங்கிக்கொள்கிறது. அதையே குழந்தைக்குச் செய்தால் என்ன? குழந்தையின் தலை பெரியது, உடம்பின் நீளத்தில் கால் பங்கு தலையே. கழுத்தோ வாழைத்தண்டு போல மென்மையானது. முன்னோக்கி உட்கார்ந்தால் தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து இழுபடும். பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகும் தலையும் கழுத்தும் ஒன்றாக இருக்கையில் அழுந்தும். 1964இல் அவர் பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் செய்து சோதித்துப் பார்த்தார். 1972இல் வால்வோ அத்தகைய இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இருக்கை வந்துவிட்டது, ஆனால் வாங்கிப் போட மக்கள் முன்வரவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தின் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ், இதற்குச் சட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். "என் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போவது என்று அரசாங்கமா சொல்வது?" என்று எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. 1977இல் சட்டம் நிறைவேறி 1978 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்காவிலேயே முதல் சட்டம் அது. ஆனால் அதில் ஒரு ஓட்டை வைத்தார்கள். பெரியவர் கையில் குழந்தையை வைத்திருந்தால் இருக்கை வேண்டாம் என்பதே அந்த ஓட்டை. நம் ஊர் மடிக் கதையேதான்! குழந்தையை நசுக்கும் விதி அது என்று சாண்டர்ஸ் மறுபடியும் போராடி, 1981இல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டம் வந்துவிட்டது. தாயின் கையை நம்புவது உலகம் முழுதும் இருந்த வழக்கம் என்பதும், அதை மாற்ற ஒருவருடைய பிடிவாதம் தேவைப்பட்டது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

நம் நாடு நடந்து வந்த வழி

மலேசியாவில் 1973இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. 1979 ஏப்ரல் முதல் நாளிலிருந்து காரின் முன் இருக்கையில் பெல்ட் கட்டாயம். அப்போதும் "கழுத்தை இறுக்குது", "இங்கதானே போறோம்" என்ற முணுமுணுப்பு இருந்தது. பின் இருக்கைக்கு அந்த விதி வர முப்பது ஆண்டுகள் ஆயின. 2009 சனவரி முதல் நாள் அது வந்தது. இடையில் 2007இல் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே மிரோஸ் என்னும் கழகம் நிறுவப்பட்டது. கடைசியாக, 2020 சனவரி முதல் நாள் தொடங்கி, தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம் என்ற விதி நடப்புக்கு வந்தது.

முதலில் பெரியவனுக்கு ஹெல்மெட், பிறகு முன்னால் இருப்பவருக்கு பெல்ட், பிறகு பின்னால் இருப்பவருக்கு, எல்லாரும் ஆன பிறகு கடைசியாகக் குழந்தைக்கு. வீட்டில் சோறு போடும்போது முதலில் குழந்தைக்குத்தானே போடுவோம்? சாலையில் மட்டும் குழந்தை வரிசையின் கடைசியில் நின்றிருக்கிறது.

அந்த விதி வந்த மூன்றாவது மாதமே, 2020 மார்ச் 18இல், பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கார்கள் எல்லாம் வீட்டு வாசலில் நின்றன. இருக்கைப் பேச்சும் அதோடு அடங்கிப்போனது. மீண்டும் சாலைகள் நிறைந்தன. ஆனால் "சம்மன் போடுவாங்களா?" என்ற கேள்வி மட்டும்தான் பலர் வாயில் இருக்கிறது. சம்மனுக்குப் பயந்து செய்கிற காரியமா இது? குழந்தை இருக்கையைச் சரியாகப் பயன்படுத்தினால் குழந்தைகளின் இறப்பில் 60 விழுக்காடாவது குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

விடுமுறை நாளில்தான் இருக்கை இறங்குகிறது

இருக்கை வாங்கியவர்களிடமும் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். பாலர் பள்ளிக்குப் போகும்போது குழந்தை இருக்கையில் இருக்கும். விடுமுறைக்குப் புறப்படும்போது அதே இருக்கையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவார்கள். ஏன்? பாட்டி வருகிறார், அத்தை வருகிறார், பெட்டிக்கும் குளிர்பெட்டிக்கும் இடம் வேண்டும். ஆக, மிகத் தூரமான, மிக வேகமான பயணத்தில்தான் குழந்தை மடிக்குத் திரும்புகிறது! குடை வாங்கி வைத்துவிட்டு மழை நாளில் மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகிற கதை இது.

ஆகவே புறப்படுமுன் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் ஆள் கணக்குப் பாருங்கள். குழந்தைக்கு ஓர் இடம் ஒதுக்கிய பிறகே மற்றவருக்கு இடம். இடம் போதவில்லை என்றால் இரண்டு காராகப் போங்கள், அல்லது ஒருவர் பேருந்தில் வரட்டும்.

கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கைதான். ஆர் 129 என்னும் புதிய அனைத்துலக விதி குறைந்தது 15 மாதம் வரை அப்படியே இருக்கச் சொல்கிறது. இருக்கையின் அளவு இடம்கொடுக்கும் வரை அதற்கு மேலும் வைத்திருப்பது நல்லது. முன்னால் காற்றுப்பை வேலை செய்யும் இடத்தில் பின்னோக்கிய இருக்கையை ஒருக்காலும் வைக்காதீர்கள். பை விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடும். பின் இருக்கைதான் குழந்தைக்கு உரிய இடம்.

கொஞ்சம் வளர்ந்ததும் வார்கள் உள்ள முன்னோக்கிய இருக்கை. அதன் பிறகு உயரம் கூட்டும் இருக்கை. "பையன் பெரியவனாயிட்டான், எதுக்கு இது?" என்று கேட்பார்கள். காரின் பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படியவும், கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் போகவும்தான் அந்த உயரம். ஏறத்தாழ 135 செ.மீ. வளரும் வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தேவை.

இருக்கையைக் காரில் கட்டிய பிறகு, அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசைந்தால் சரியாகக் கட்டவில்லை என்று பொருள். தோள் வாரை விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வாக இருக்கிறது. கேமரன் மலைக்கும் கெந்திங்குக்கும் போகிறவர்கள் தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டு அதன் மேல் வாரை மாட்டுகிறார்கள். மோதினால் சட்டை அமுங்கி வார் தளர்ந்துவிடும். வாரை மாட்டிவிட்டுச் சட்டையை மேலே போர்த்துங்கள்.

வெயிலில் நின்ற காரில் பூட்டின் உலோகம் சுடும். ஒரு துண்டைப் போட்டு மூடி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓய்விடத்தில் நிறுத்திக் குழந்தையை இறக்கி நடக்க விடுங்கள். குழந்தை அழுகிறது என்று ஓடுகிற காரில் எடுத்து மடியில் வைக்காதீர்கள். காரை நிறுத்திவிட்டு எடுங்கள். "தூங்குது, ரெண்டு நிமிஷத்துல வந்துடலாம்" என்று காருக்குள் தனியே விட்டுப் போவதும் வேண்டாம். மூடிய காரின் வெப்பம் நிமிடக் கணக்கில் ஏறும்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் ஒரு சொல். சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காரில் உரிய இருக்கை வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போகிறவர்கள் ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுப்பது வழக்கம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு பெல்ட்டையோ குழந்தை இருக்கையையோ கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் பல வாடகைக் கார்களில் பின் பெல்ட் உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். புறப்படும் முன்பே உறையை விலக்கி எடுத்துத் தரச் சொல்லுங்கள். இருக்கையைக் கையோடு கொண்டுபோவதே நல்லது.

காரில்லாத வீடு

இதைப் படிக்கும் எல்லார் வீட்டிலும் கார் இருக்காது என்பதை நான் அறிவேன். நம் நாட்டில் 2019இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 6,167 பேர். அதில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மோட்டாரில் குழந்தைக்கு முழுப் பாதுகாப்புத் தரும் இருக்கை எதுவும் இல்லை என்பதே உண்மை. தூரப் பயணத்துக்குக் குழந்தையை மோட்டாரில் ஏற்றாமல் பேருந்தையோ ரயிலையோ நாடுங்கள். பக்கத்தில் போவதானாலும் குழந்தையின் தலைக்குச் சரியான அளவுள்ள தலைக்கவசம் வேண்டும். அப்பாவின் பழைய ஹெல்மெட் ஆடிக்கொண்டிருந்தால் அது வெறும் தொப்பிதான். விரைவுப் பேருந்தில் பெல்ட் இருந்தால் அதையும் போடச் சொல்லுங்கள்.

இருக்கையின் விலையும் சும்மா இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்ட வீட்டில் இருக்கை சும்மா கிடக்கும். நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாமே! ஆனால் ஒரு நிபந்தனை. எந்த மோதலையும் கண்டிராதது, காலாவதி ஆகாதது என்று கொடுப்பவர் வாயாலேயே உறுதி சொல்ல வேண்டும். ஆர் 44 அல்லது ஆர் 129 என்று போட்ட ஆரஞ்சு நிற முத்திரையும் அதில் ஒட்டியிருக்க வேண்டும். யார் பயன்படுத்தியது என்று தெரியாத பழைய இருக்கையை மலிவு என்று வாங்காதீர்கள்.

முடிவாக

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால், இந்த விடுமுறையில் காரில் ஏறியதும் நீங்கள்தான் கேட்க வேண்டும்: "அப்பா, தங்கச்சிக்குப் பூட்டு மாட்டியாச்சா?" பெரியவர்கள் சொன்னால் கேளாத தகப்பனும் பிள்ளை கேட்டால் கேட்பான்.

தாய்மார்களே, பாட்டிமார்களே, உங்கள் கைக்கு இணை இவ்வுலகில் இல்லை. சோறூட்டவும், தாலாட்டவும், காய்ச்சல் நேரத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும் அந்தக் கை வேண்டும். ஆனால் மோதலைத் தாங்கும் வேலையை அந்தக் கைக்குக் கொடுக்காதீர்கள். அது இருக்கையின் வேலை. என் தாயாருக்கு நான் அன்று சொல்லத் தெரியாமல் போனதை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் நலமாகப் போய், நலமாகத் திரும்பி, பள்ளி திறக்கும் நாளில் சந்திப்போம்.